அமுக்கிராக் கிழங்கும் நாட்பட்ட களைப்பும்

கமத்தொழில் உடலுழைப்பையே முதலாகக் கொண்ட தொழிலாகும். நிலத்தைப் பண்படுத்தல், நாற்று நடுதல், களை பிடுங்கல், நீர் பாய்ச்சல், அறுவடை செய்தல் ஆகிய யாவும் கமக்காரருடைய தேகவலிமையை வேண்டி நிற்கின்றன. இயந்திரங்கள் பெருகிய இக்காலத்தும் இவ்வுண்மை மாறவில்லை. ஆதலின், ஒரு கமக்காரருக்குத் தீராக் களைப்பு ஏற்படுமாயின் அஃது அவரை மாத்திரமன்றி அவருடைய வயலையும் குடும்பத்தையும் ஒருங்கே பாதிக்கின்றது. உரிய காலத்தில் நாற்று நடப்படாமலும், களை பிடுங்கப்படாமலும், நீர் கட்டப்படாமலும் போகவே, விளைவு குறைந்து கடன் பெருகுகின்றது.

இத்தகைய களைப்பைப் போக்குவதற்கு அமுக்கிராக் கிழங்கு ஏற்றதென்பது நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. அண்மைக் காலத்தில் இக்கிழங்கின் சாரம் குளிகைகளாக அடைக்கப்பட்டு உலகெங்கும் விற்கப்படுகின்றது. இதனை வாங்கி உண்போரும், இதனைப் பயிரிட்டுப் பொருளீட்ட விரும்புவோரும் நாளுக்கு நாள் பெருகி வருகின்றனர். இவ்விரு திறத்தாரும் அறிந்திருக்க வேண்டியது யாதெனில், இக்கிழங்கைப்பற்றிச் சோதனைகள் நிலைநாட்டியிருப்பது எவ்வளவு, நிலைநாட்டாதது எவ்வளவு என்பதே. அதனை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

களைப்பு இரு வகைப்படும்

நாள் முழுதும் வெயிலில் உழைத்தவருக்கு மாலையிலே தோன்றும் சோர்வு இயற்கையானது. வயிறார உண்டு, நன்றாக உறங்கியெழுந்தால் அது நீங்கிவிடும். இதற்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை.

உறங்கியெழுந்த பின்னும் நீங்காது, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தொடர்ந்து நின்று, வழமையான வேலைகளைச் செய்யவொட்டாது தடுக்கும் சோர்வு வேறு வகையானது. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடிப்பதை வைத்தியர்கள் நாட்பட்ட களைப்பு என்பர். இக்களைப்பு பெரும்பாலும் வேறொரு நோயின் அறிகுறியாகவே தோன்றுகின்றது. அரிதாகச் சிலரிடத்தில் இதுவே ஒரு தனி நோயாகவும் அமைகின்றது. இத்தனி நோய் உடையோர் சிறிது உழைத்தாலும் அதன் பின் நாட்கணக்கில் நலிவுறுவர். உறக்கத்தால் அவர்களுக்குத் தெளிவு உண்டாவதில்லை. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் எந்த நாட்டிலும் நிறுவப்படவில்லை.

பூண்டின் இயல்பு

அமுக்கிரா என்பது கத்தரி, மிளகாய், தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியாகும். தாவரவியலார் இதனை விதானியா சொம்னிபெரா என வழங்குவர். இரண்டாவது சொல் இலத்தீன் மொழியில் உறக்கத்தைத் தருவது எனப் பொருள்படும். வடமொழியில் இதற்கு அசுவகந்தா என்று பெயர். பச்சை வேரிலிருந்து குதிரையின் மணத்தை யொத்த ஒரு மணம் வீசுவதால் இப்பெயர் ஏற்பட்டது. சிங்களத்தில் இதனை அமுக்கரா என்பர்.

செடி ஒன்று முதல் ஐந்து அடி வரை உயரமாக வளரும். தண்டும் இலையும் மெல்லிய சாம்பல் நிற மயிரால் மூடப்பட்டிருக்கும். பூக்கள் சிறியவை, பசுமை கலந்த மஞ்சள் நிறமுடையவை. காய் பட்டாணியளவினதாய், கடதாசி போன்ற ஓர் உறையினுள்ளே மறைந்திருந்து, பழுக்கும்போது செம்மஞ்சள் நிறமடையும். மருந்துக்குப் பயன்படுவது கிழங்கு என வழங்கப்படும் சதைப்பற்றுள்ள வேராகும். இவ்வேரின் புறத்தோல் வெளிறிய கபில நிறமாகவும் உட்புறம் வெண்மையாகவும் இருக்கும்.

இந்தியாவிலே மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சோர் மாவட்டங்களிலும், இராசத்தானத்தின் நாகௌர்ப் பகுதியிலும் இது பெருமளவிற் பயிரிடப்படுகின்றது. இலங்கையின் மருந்துச் சரக்குக் கடைகளில் விற்கப்படும் அமுக்கிராக் கிழங்கிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே இறக்குமதியாகின்றது.

வைத்திய வழக்கு

சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் அமுக்கிரா நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகின்றது. உடலிளைப்பு, நரம்புத் தளர்ச்சி, உறக்கமின்மை, நோயின் பின் வரும் பலவீனம் ஆகியவற்றுக்கு இது கொடுக்கப்படும். கிழங்கை அப்படியே பொடித்து உண்பது சித்த வைத்திய மரபன்று. பானையிற் பாலும் நீரும் விட்டு, வாயைத் துணியாற் கட்டி, துணியின்மேற் கிழங்குத் தூளை இட்டு, பிட்டு அவிப்பதுபோல ஆவியில் அவித்து, உலர்த்திப் பின்னர் மீண்டும் பொடித்து வழங்குவர். இதற்குப் பிட்டவியல் என்று பெயர். அமுக்கிராச் சூரணம் எனும் மருந்திலே ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு முதலிய சரக்குகளும் சர்க்கரையும் சேர்கின்றன.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பரியாரியார் நோயாளியின் நாடியையும் தேகநிலையையும் ஆராய்ந்து, அளவும் அனுபானமும் பத்தியமும் வகுத்து இதனைக் கொடுப்பார். கடையில் விற்கும் குளிகையிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே, பண்டைய வழக்கின் நற்பெயரை இன்றைய குளிகைக்கு அப்படியே உரித்தாக்குதல் பொருந்தாது.

வேரில் அடங்கிய பொருள்கள்

அமுக்கிராவின் வேரிலும் இலையிலும் விதனோலைட்டுகள் எனப்படும் ஒருவகை இரசாயனப் பொருள்கள் உள்ளன. இவற்றுள் விதபெரின் எனும் பொருள் 1960களின் முற்பகுதியில் இஸ்ரவேல் நாட்டு இரசாயன அறிஞரால் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதன் பின்னர் இதே இனத்துப் பொருள்கள் பல கண்டறியப்பட்டன. இவற்றைத் தவிர அற்கலோயிட்டுகள் எனும் காரப்பொருள்களும் வேரில் உள்ளன.

உலர்ந்த வேரில் விதனோலைட்டுகளின் அளவு மிகச் சிறிது. அவ்வளவும் எல்லா வேரிலும் ஒரேபடியாக இருப்பதில்லை. செடியின் இனம், மண், செடியின் வயது, பிடுங்கும் காலம், உலர்த்தும் முறை என்பவற்றுக்கேற்ப அது வேறுபடுகின்றது. ஆலைகளிலே வேரிலிருந்து சாரத்தை எடுத்து, விதனோலைட்டுகளைக் குறித்த வீதத்துக்கு உயர்த்துகின்றனர். உதாரணமாக, 5 சதவீதம் விதனோலைட்டுகளைக் கொண்ட சாரத்தில் 300 மில்லிகிராம் உண்பவர் 15 மில்லிகிராம் விதனோலைட்டுகளை உட்கொள்ளுகின்றார். வீட்டில் இடித்த தூளில் ஒரு தேக்கரண்டி உண்பவர் எவ்வளவை உட்கொள்ளுகின்றார் என்பதை எவரும் கூற முடியாது. எனவே, சாரத்தைக்கொண்டு செய்யப்பட்ட ஒரு சோதனையின் முடிவு தூளுக்குப் பொருந்தும் என்றோ, ஓர் ஆலையின் சாரத்துக்கு உண்மையானது இன்னோர் ஆலையின் சாரத்துக்கும் உண்மையாகும் என்றோ கொள்ளுதல் தவறு.

சோதனை என்பது யாது?

புதிய பசளை ஒன்று நல்லதா என்பதை அறியக் கமக்காரர் யாது செய்வார்? வயல் முழுவதற்கும் அதனை இட்டு, விளைவு நன்றாக வந்தவுடன் பசளையைப் புகழமாட்டார். அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்திருக்கலாம். விதை நல்லதாக இருந்திருக்கலாம். ஆதலால் ஒரே வயலிற் சில பாத்திகளுக்குப் பசளையை இட்டு, சில பாத்திகளை இடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இடாத பாத்தியே ஒப்புப்பாத்தி எனப்படும். ஒப்புப்பாத்தி இல்லாத சோதனை சோதனையாகாது.

எந்தப் பாத்திக்கு இடுவது, எதற்கு விடுவது என்பதையும் சோதிப்பவர் தம் விருப்பப்படி தீர்மானித்தல் ஆகாது. அவரையறியாமலே நல்ல மண்ணுள்ள பாத்தியைத் தெரிந்துவிடக்கூடும். சீட்டுக் குலுக்குவதுபோலத் தற்செயலாக அதனைத் தீர்மானித்தல் வேண்டும். இம்முறையை வகுத்தவர் இங்கிலாந்திலுள்ள றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டு தொடக்கம் பணியாற்றிய பிஷர் என்னும் கணித அறிஞராவார். பின்னர் மருத்துவ உலகமும் இம்முறையைக் கைக்கொண்டது. 1948ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையார் ஸ்ரெப்ரோமைசின் எனும் மருந்தைச் சயரோகிகள் 107 பேரிடத்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். தற்செயல் முறையாற் பிரிக்கப்பட்டு மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் 4 பேர் ஆறு மாதத்துள் இறந்தனர். படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். மருந்தின் பயன் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. வயலிற் பிறந்த முறை இவ்வாறு வைத்தியசாலையை அடைந்தது.

களைப்பைச் சோதிப்பது இதனினும் கடினமாகும். நெல்லைத் தராசில் நிறுக்கலாம்; காய்ச்சலை வெப்பமானியால் அளக்கலாம்; களைப்பையோ களைத்தவரையே கேட்டு அறிதல் வேண்டும். இதற்கென வகுக்கப்பட்ட வினாத்தாள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் 11 வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளியிடப்படும். கூட்டுத்தொகை 33ஐ நெருங்க நெருங்கக் களைப்பு மிகுதி என்பது பொருள். இவ்வாறு கேட்கும்போது, மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையே பலருக்குத் தெம்பைக் கொடுத்துவிடுகின்றது. அன்றியும், களைப்பு மிகுந்த வேளையிலேயே எவரும் மருந்தைத் தேடுகின்றனர். அறுவடை முடிந்து வேலை குறைந்ததும் களைப்பு தானாகவே தணிந்துவிடலாம். மருந்தை உண்டிருந்தால் அப்புகழ் மருந்துக்கே போய்ச் சேரும்.

இவ்விரு பிழைகளையும் நீக்குவதற்கு, நிறத்தாலும் சுவையாலும் மருந்தை ஒத்த, ஆனால் மருந்து இல்லாத போலிக் குளிகை ஒரு பகுதியாருக்குக் கொடுக்கப்படுகின்றது. எவர் எதனை உண்கின்றார் என்பது உண்பவருக்கும் தெரியாது, வினவுபவருக்கும் தெரியாது. சோதனை முடிந்த பின்னரே அது வெளிப்படுத்தப்படும். போலிக் குளிகை உண்டவர்களே மருந்தின் ஒப்புப்பாத்தியாவர்.

மனிதரிடத்துச் செய்யப்பட்ட சோதனைகள்

அமுக்கிராவைப்பற்றிய சோதனைகளுள் முக்கியமான நான்கு இங்கே எடுத்துக்காட்டப்படுகின்றன.

முதலாவது, 2012ஆம் ஆண்டில் வெளியான ஐதராபாத்துச் சோதனை. மன உளைச்சலுற்ற 64 பேர் இரு பகுதியாராகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியார் வேர்ச்சாரத்தில் 300 மில்லிகிராமை நாளுக்கு இரு முறையாக 60 நாட்கள் உண்டனர். மற்றையோர் போலிக் குளிகையை உண்டனர். சாரத்தை உண்டவர்களுக்கு மன உளைச்சல் வெகுவாகக் குறைந்தது. உளைச்சலின்போது இரத்தத்தில் மிகுகின்ற கோட்டிசோல் எனும் சுரப்பும் ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது. போலிக் குளிகையாரிடம் ஏறக்குறைய 8 சதவீதமே குறைந்தது. எனினும் இச்சோதனை உளைச்சலைப்பற்றியதேயன்றிக் களைப்பைப்பற்றியதன்று.

இரண்டாவது, 2013ஆம் ஆண்டில் மலேசியாவிலிருந்து வெளியானது. மார்புப் புற்றுநோய்க்காக இரசாயன மருந்துச் சிகிச்சை பெற்ற 100 பெண்களுள் ஒரு பகுதியாருக்கு அமுக்கிரா வேர்ச்சாரம் 2 கிராம் வீதம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டது. அவர்களுக்குக் களைப்புக் குறைந்து காணப்பட்டது. ஆயின் இச்சோதனையிலே போலிக் குளிகை வழங்கப்படவில்லை. பகுதிகளும் தற்செயல் முறையாற் பிரிக்கப்படவில்லை. மருந்து உண்பதை யாவரும் அறிந்திருந்தனர். ஆகவே இதன் முடிவு ஒரு நம்பிக்கையைத் தருகின்றதேயன்றி நிச்சயத்தைத் தரவில்லை.

மூன்றாவது, 2019ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து வெளியானது. 40 முதல் 70 வயது வரையுள்ள, உடற்பருமன் மிகுந்த, சிறிது களைப்புடைய ஆண்கள் இதிற் பங்குபற்றினர். ஒவ்வொருவரும் எட்டு வாரம் சாரத்தையும் எட்டு வாரம் போலிக் குளிகையையும் மாறி மாறி உண்டனர். சாரம் உண்ட காலத்திலே ஆண்மைச் சுரப்பான தெஸ்தொஸ்தெரோன், போலிக் குளிகை உண்ட காலத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 15 சதவீதம் கூடியிருந்தது. ஆயின் எதிர்பார்க்கப்பட்ட களைப்பு நீக்கத்திலும் ஊக்கத்திலும் இரண்டுக்கும் இடையே நம்பத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

நான்காவது, 2023ஆம் ஆண்டில் அதே நாட்டிலிருந்து வெளியானது. உளைச்சலும் களைப்பும் மிகுந்த, 40 முதல் 75 வயது வரையுள்ள, உடற்பருமன் மிகுந்த ஆண் பெண் 120 பேருள் ஒரு பகுதியார் வேறொரு வகைச் சாரத்தில் 200 மில்லிகிராமை நாளுக்கு இரு முறையாக 12 வாரம் உண்டனர். இதிலே களைப்புக்குரிய வினாத்தாளில், சாரம் உண்டவர்களின் புள்ளிகள் போலிக் குளிகையாரின் புள்ளிகளிலும் பார்க்க நம்பத்தக்க அளவிற் குறைந்தன. உளைச்சலோ இரு பகுதியாருக்கும் ஏறக்குறைய ஒரேயளவாகவே குறைந்தது. சாரத்தின் மேம்பாடு அதில் வெளிப்படவில்லை.

முடிவுகளை எடைபோடுதல்

இந்நான்கினையும் ஒருங்கே நோக்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். 2012இல் உளைச்சலைக் குறைத்தது எனக் கண்ட பூண்டு 2023இல் உளைச்சலைக் குறைப்பதாகக் காணப்படவில்லை. 2019இற் களைப்பைக் குறைக்காத பூண்டு 2023இற் களைப்பைக் குறைத்தது. சாரம் வேறு, அளவு வேறு, மக்கள் வேறு என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். சிலரைக்கொண்டு செய்யப்படும் சோதனையிலே தற்செயலும் முடிவை மாற்றிவிடக்கூடும் என்பது மற்றொரு காரணமாகலாம். ஒரு போகத்தில் ஒரு வயலிற் கண்ட விளைவைக்கொண்டு மாகாணம் முழுவதற்கும் ஒரு நெல்லினத்தைச் சிபாரிசு செய்யமாட்டார்கள். பல போகங்களில், பல மண்களிலே சோதித்த பின்னரே சிபாரிசு பிறக்கும். மருந்துக்கும் அந்நியாயமே உரியது.

மேலும் மூன்று குறைகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, இச்சோதனைகள் சில மாத அளவிலேயே நடத்தப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் உண்டால் நேர்வது யாது என்பதை அவை காட்டமாட்டா. இரண்டாவது, இத்துறையில் நடைபெறும் சோதனைகளிற் பலவற்றுக்குச் சாரத்தைத் தயாரிக்கும் வணிக நிறுவனங்களே பணமோ பொருளோ உதவுகின்றன. அதனால் முடிவு பொய்யென்று கூறுதல் முறையன்று. ஆயினும் விதை விற்பவரே விதையைச் சோதிப்பதுபோன்ற நிலையில், பிறிதொருவர் மீண்டும் சோதித்து உறுதிப்படுத்துதல் வேண்டும். மூன்றாவது, இவற்றிற் பங்குபற்றினோர் நகர வாழ்க்கையினரோ சிகிச்சை பெறும் நோயாளரோ ஆவர். மேலே கூறிய தனிநோயாகிய களைப்புடையோரிடத்தும், வெயிலில் உழைக்கும் கமக்காரரிடத்தும் இச்சோதனைகள் செய்யப்பட்டவையல்ல.

எனவே இன்றைய நிலையில் நேர்மையாகக் கூறத்தக்கது இதுவே: அமுக்கிரா சிலருக்குச் சிறிது காலம் களைப்பைத் தணிக்கக்கூடும், நாட்பட்ட களைப்பைத் தீர்க்கும் மருந்தென இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

தீங்குகளும் உண்டு

பூண்டிலிருந்து பெறப்பட்டது ஆதலின் தீங்கு செய்யாது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். புகையிலையும் ஊமத்தையும் பூண்டுகளே. அதுவும் இதே குடும்பத்தவை.

2020ஆம் ஆண்டில், அமுக்கிராக் குளிகைகளை உண்டபின் ஈரல் பாதிக்கப்பட்ட ஐவரைப்பற்றி ஐஸ்லாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் வைத்தியர்கள் அறிவித்தனர். உண்ணத் தொடங்கி 2 முதல் 12 வாரங்களுள் அவர்களுக்குச் செங்கண்மாரியும் உடலரிப்பும் தோன்றின. குளிகையை நிறுத்திய பின்னர் மாதக்கணக்கிலேயே அவர்கள் குணமடைந்தனர். ஏற்கெனவே ஈரல்நோயுற்றிருந்த சிலர் இதனை உண்டபின் இறந்தமையை இந்திய வைத்தியர்கள் 2023இல் அறிவித்தனர். அதே ஆண்டில் டென்மார்க் அரசாங்கம் உணவுப் பொருள்களில் அமுக்கிராவைச் சேர்ப்பதைத் தடைசெய்தது. வேருக்குப் பதிலாக இலையைக் கலந்து சாரம் தயாரிப்போர் உளராதலின், இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு இந்திய ஆயுஷ் அமைச்சு 2021ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இத்தகைய தீங்குகள் அரிதாகவே நிகழ்கின்றன. ஆயினும் பின்வருவோர் இதனை வைத்தியரின் ஆலோசனையின்றி ஒருபோதும் உண்ணலாகாது: கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், ஈரல்நோய் உடையோர், கேடயச் சுரப்பி நோய் உடையோர், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்போர், உறக்க மருந்து உண்போர். கண் மஞ்சளித்தல், சிறுநீர் கடுங்கபில நிறமாதல், உடலரிப்பு ஆகிய குறிகள் காணப்பட்டால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

காரணத்தை முதலில் அறிக

பயிர் மஞ்சளித்தவுடன் யூரியாவை இடுபவர் நல்ல கமக்காரர் அல்லர். மஞ்சளிப்பு தழைச்சத்துக் குறைவாலும் வரும். நீர் தேங்குவதாலும் வரும். வேரைப் புழு தாக்குவதாலும் வரும். காரணத்துக்கேற்பப் பரிகாரம் வேறுபடும். களைப்பும் அத்தகையதே.

குருதிச்சோகை களைப்புக்கு மிகப் பொதுவான காரணமாகும். ஒரு டெசிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் வளர்ந்த ஆண்களுக்கு 13 கிராமிலும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமிலும் குறைந்தால் அது சோகையாகும். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போருக்குக் கொழுக்கிப்புழுவினாலும் சோகை உண்டாகலாம். நீரிழிவு, கேடயச் சுரப்பியின் குறைபாடு, சயரோகம், மனச்சோர்வு, உறக்கக் குறைவு என்பனவும் களைப்பைத் தருவன. பாதுகாப்பு உடையின்றிப் பூச்சிநாசினி தெளிப்பவர்களுக்குத் தலையிடி, தலைச்சுற்று, வியர்வை என்பவற்றோடு சோர்வும் தோன்றும். வெயிலிலே போதிய நீர் அருந்தாமல் உழைத்தலும் களைப்புக்குக் காரணமே.

இலங்கையின் உலர்வலயத்தாருக்கு மற்றொரு காரணம் மிகவும் முக்கியமானது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா முதலிய இடங்களிற் காரணம் துலங்காத சிறுநீரக நோய் கமக்காரரிடையே பரவலாகக் காணப்பட்டு வருகின்றது. வவுனியா மாவட்டத்திலும் இந்நோயாளர் உளர். இந்நோய் தொடக்கத்தில் வலியோ வீக்கமோ காட்டுவதில்லை. பசிக்குறைவும் களைப்புமே தோன்றும்போது சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்திருக்கும். இந்நிலையிலுள்ள ஒருவர் களைப்பென்றெண்ணிக் குளிகை வாங்கி உண்டு இரண்டு மாதத்தைக் கழிப்பாராயின், அவர் இழப்பது குளிகையின் விலை மாத்திரமன்று. சிகிச்சைக்குரிய காலத்தையும் இழக்கின்றார்.

ஆதலால், மூன்று வாரங்களுக்கு மேலாகக் களைப்பு நீங்காதவர் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று குருதிச்சோகை, குருதியிலுள்ள வெல்லம், குருதியிலுள்ள கிரியற்றினின், சிறுநீரிலுள்ள புரதம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். இப்பரிசோதனைகள் எளியவை. சித்த வைத்தியரிடம் செல்வோரும் இம்முடிவுகளை அவரிடம் காட்டுதல் நன்று. கைதடியிலும் ஏனைய இடங்களிலும் கற்றுத் தேர்ந்த சித்த வைத்தியர்கள் இப்பரிசோதனைகளை நன்கறிவர்.

பயிரிட விரும்புவோருக்கு

அமுக்கிரா வறட்சியைத் தாங்கும் பயிர். நீர் தேங்காத மணல் கலந்த செம்மண்ணும், சற்றுக் காரத்தன்மையுள்ள மண்ணும் இதற்கு ஏற்றவை. வேர் தடிக்கும் காலத்தில் உலர்ந்த காலநிலை வேண்டும். அப்போது கடும் மழை பெய்தால் வேர் அழுகும். ஆதலால் வடபகுதியில் மாரி மழையின் கடுமை தணிந்த பின்னர் தொடங்குதலே பொருத்தமானது.

விதைகள் மிகச் சிறியவை. நேரே விதைப்பதாயின் எக்டேயருக்கு 10 முதல் 12 கிலோகிராமும், நாற்றுமேடையிலிட்டு நடுவதாயின் ஏறக்குறைய 5 கிலோகிராமும் வேண்டும். நாற்றுக்கள் ஐந்து அல்லது ஆறு வாரத்தில் நடத்தக்கவையாகும். வரிசைகளுக்கிடையில் 60 சென்ரிமீற்றர் விடலாம். நன்கு மக்கிய எரு போதுமானது. தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்து வேர் மெலியும்.

கத்தரி, மிளகாய், தக்காளி, புகையிலை ஆகியவை நின்ற நிலத்தில் அடுத்த போகத்தில் இதனை நடலாகாது. வேர்முடிச்சு வட்டப்புழுவும் வாடல்நோயும் இவையனைத்துக்கும் பொதுவானவை. கத்தரியிலையைச் சுரண்டித் தின்னும் புள்ளிவண்டு இதனையும் தாக்கும். கையாற் பொறுக்கி அழித்தலே சிறந்தது. மருந்துக்குரிய வேரில் நஞ்சு எஞ்சி நின்றால் அது மருந்தாகாது.

விதைத்து 150 முதல் 180 நாட்களில் இலைகள் உலர, பழங்கள் செந்நிறமடையும். அப்போது செடியை முழுமையாகப் பிடுங்கி, தண்டை நீக்கி, வேரைக் கழுவி, 7 முதல் 10 சென்ரிமீற்றர் துண்டுகளாக நறுக்கி நன்றாக உலர்த்தல் வேண்டும். இந்திய அனுபவப்படி எக்டேயருக்கு 300 முதல் 500 கிலோகிராம் உலர்ந்த வேர் கிடைக்கும். ஏக்கருக்கு 120 முதல் 200 கிலோகிராம் என்று கொள்ளலாம். தடித்து, நேராக, உடைக்கும்போது வெண்மையாகத் தோன்றும் வேருக்கே நல்ல விலை உண்டு. பூஞ்சணம் பிடித்த வேரை எவரும் வாங்கார். இலையையோ தண்டையோ பொடித்து வேர்த்தூளுடன் கலத்தல் உண்பவருக்குத் தீங்கு செய்வதுடன் விற்பவரின் பெயரையும் அழித்துவிடும்.

முதலாண்டில் அரைப் பரப்புக்கு மேற் பயிரிடாதிருத்தல் நன்று. வாங்குபவர் யார், எவ்வளவு வாங்குவார், என்ன விலை கொடுப்பார் என்பவற்றை விதைக்குமுன் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளல் வேண்டும். களைப்பைத் தீர்க்கும் அருமருந்து என்னும் விளம்பரத்தை நம்பி முழு நிலத்தையும் இதற்கு ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. மேலே கண்டவாறு அவ்விளம்பரம் சோதனைகளைக் கடந்து நெடுந்தூரம் சென்றுவிட்டது. அடுத்த சோதனையின் முடிவு வேறுவிதமாக வெளியானாலும், ஒரு நாட்டின் அரசாங்கம் தடைவிதித்தாலும், விலை ஒரே போகத்தில் விழுந்துவிடக்கூடும். உள்ளூர்ச் சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிப்போரின் தேவையோ சிறிதாயினும் நெடுங்காலமாக நிலைத்து வருவது. அத்தேவையைக் கணித்து அதற்கேற்பப் பயிரிடுவோர் பெரும்பாலும் நட்டமடையார்.